காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரு நடைப்பயணம்: திருச்சிக் கோட்டையும் முறிந்த வாக்குறுதிகளும்

ஆண்டு விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மதரஸாப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், இந்தத் தடவை பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம், மூணாறு என்று பட்டியலையும் அவர்களே கையில் வைத்திருப்பார்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். "முதலில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வாருங்கள்" என்பேன். "அங்கே வெங்காயம்தானே வாங்கலாம்?" என்பார்கள்.

வெங்காயமும் வாங்கலாம். ஆனால் அந்த மார்க்கெட்டில் நின்றுகொண்டு தலையை உயர்த்திப் பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். அங்கிருந்து ஒரு நாள் நடந்தால், தென்னிந்தியாவின் தலைவிதியைத் தீர்மானித்த போர்க்களங்களையும், ஒருவரையொருவர் அழிக்க முயன்ற இரு நவாபுகளின் கப்ருகளையும் பார்த்துவிட்டு மக்ரிப் தொழுகைக்கு வீடு திரும்பிவிடலாம்.

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தவர்களின் முடிவு எவ்வாறு அமைந்தது என்று கவனிக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அந்த அழைப்பு கண்ணுக்கு விருந்து தேடுவதற்கானது மட்டுமன்று. பார்ப்பவர் படிப்பினை பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். சென்ற விடுமுறையில் என்னிடம் ஓதும் மாணவர்கள் பன்னிரண்டு பேரை அவ்வாறு ஒரு நடைப்பயணம் அழைத்துச் சென்றேன். நான் கற்பிக்கச் சென்றதைவிடக் கற்றுத் திரும்பியதே அதிகம். அதனால்தான் இக்கட்டுரை.

மார்க்கெட்டும் மலையும்

ஃபஜ்ர் தொழுகை முடித்து நாங்கள் மார்க்கெட்டை அடைந்தபோது அங்கே பாதி வியாபாரம் முடிந்திருந்தது. மொத்த வியாபாரம் நள்ளிரவிலேயே தொடங்கிவிடும். லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கும். சுமைதூக்கும் தொழிலாளர்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். மண்டிக்காரர்கள் விலை சொல்வார்கள். 1868-இல் தொடங்கப்பட்டு 1927-இல் விரிவாக்கப்பட்ட இந்தச் சந்தைக்கு முதலில் வழங்கிய பெயர் கோட்டை மார்க்கெட் என்பது. காந்தியடிகளின் பெயர் பின்னரே சூட்டப்பட்டது. அருகில் மணிக்கூண்டு வடிவில் நிற்கும் சின்னத்தை அவ்வழியே செல்லும் பலர் நேரம் பார்க்க மட்டுமே நிமிர்ந்து பார்க்கின்றனர். அது முதல் உலகப் போருக்குச் சென்று உயிர் துறந்த இவ்வூர் வீரர்களுக்கான நினைவுச்சின்னம்.

கோட்டை மார்க்கெட் என்னும் பழைய பெயர் ஒரு செய்தியைச் சொல்கிறது. இன்று நாம் "மலைக்கோட்டை" என்றால் குன்றை மட்டும் நினைக்கிறோம். ஆனால் அக்காலத்தில் குன்றையும் அதைச் சூழ்ந்த நகரையும் சேர்த்து இரட்டை மதிலும் அகழியும் வளைத்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. அதன் தடத்தில் சாலைகள் அமைந்தன. மேற்கு பூலிவார்டு ரோடு, கிழக்கு பூலிவார்டு ரோடு என்று நாம் பேருந்தில் கடக்கும் சாலைகள் அந்தக் கோட்டைச் சுவரின் நினைவுகளே. மெயின்கார்டு கேட் மட்டும் எஞ்சி நின்று, இங்கே ஒரு கோட்டை வாயில் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

குன்றோ மனிதர் எழுப்பியதன்று. சமவெளியிலிருந்து 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒரே பாறை அது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையுடையது. மலைகளை முளைகளாக நாட்டியவனின் வல்லமையை எண்ணிப் பார்க்க, தொலைதூரம் போக வேண்டியதில்லை. கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே நின்றே எண்ணலாம் என்று மாணவர்களிடம் சொன்னேன்.

அப்பாறையில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர் குடைவித்த குகைக்கோயிலும் அவருடைய கல்வெட்டுகளும் உள்ளன. இடையே தாயுமானவர் கோயிலும் உச்சியில் பிள்ளையார் கோயிலும் அமைந்துள்ளன. அவை நம் சகோதர சமயத்தவரின் வழிபாட்டிடங்கள் என்பதால், அங்கே வருவோருக்கு இடையூறு இல்லாமல் நாங்கள் கீழே தெப்பக்குளம் ஓரமாகவே நின்று பார்த்தோம். பின்னர் ராணி மங்கம்மாளின் தர்பார் மண்டபத்துக்குச் சென்றோம். அது இப்போது அரசு அருங்காட்சியகம்.

இந்த ஊருக்கு இரண்டாவது இயற்கை அதிசயம் காவிரி. நகருக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே நீண்ட தீவாகத் திருவரங்கம் கிடக்கிறது. முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டுவித்தார். கீழே கல்லணை, கரிகாலச் சோழன் பெயரைச் சொல்லி இன்றும் தண்ணீரைப் பிரித்தனுப்புகிறது. குன்று காவலுக்கு, ஆறு உணவுக்கு, தீவு ஒதுங்குவதற்கு. இம்மூன்றும் ஒரே இடத்தில் வாய்த்ததால்தான் ஒவ்வோர் அரசனும் திருச்சியை விரும்பினான். ஒவ்வொரு படையும் இதைத் தேடி வந்தது.

இங்கு முதலில் வந்தது வாள் அன்று

கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே சிறியதொரு கல் பள்ளிவாசல் இருக்கிறது. அதிலுள்ள அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்னும் ஆண்டைக் குறிக்கிறது. தில்லியில் சுல்தான்கள் ஆட்சி அமைவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய காலம் அது. தூண்களும் மேற்கூரையும் தமிழ்நாட்டுக் கற்றச்சர் முறையிலேயே அமைந்திருப்பதை மாணவர்கள் கையால் தடவிப் பார்த்தனர்.

அடுத்து மதுரை ரோட்டில் உள்ள நத்ஹர் வலி தர்கா. நத்தர்ஷா பள்ளிவாசல் என்று ஊரார் அழைக்கும் இடம். தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலி அவர்கள், அரச குடும்பத்தில் பிறந்து அரியணையைத் துறந்து, சீடர்கள் பலருடன் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிக்கு வந்தார்கள் என்பது மரபுவழிச் செய்தி. அந்த இறைநேசரின் பெயரால் நவாபுகள் காலத்தில் இந்த நகருக்கே நத்ஹர் நகர் என்ற பெயர் வழங்கியது. நவாபின் வரலாற்றைப் பாரசீக மொழியில் கூறும் 'துஸக்கே வாலாஜாஹி' என்னும் நூலிலும் அப்பெயர் காணப்படுகிறது. நாயக்க அரசி மங்கம்மாள் தர்காவுக்கு நிலக்கொடை வழங்கியதாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். ஆற்றின் அக்கரையில், திருவரங்கம் கோயிலுக்குள் துலுக்க நாச்சியார் என்று ஒரு சன்னதி இருப்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். படை வருவதற்கு முன்பே இவ்வூரில் மக்கள் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்தனர் என்பதற்கு இவை சான்றுகள்.

மங்கம்மாளின் வீட்டில் நடந்த துரோகம்

தர்பார் மண்டபத்தில் அமர்ந்து நான் சொன்ன வரலாறு இது.

மதுரை நாயக்கர்கள் 1665-க்குப் பின் திருச்சியைத் தலைநகராக்கிக்கொண்டு ஆண்டனர். கடைசி மன்னர் விஜயரங்க சொக்கநாதர் வாரிசின்றி இறந்தபின் அவருடைய அரசி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். பங்காரு திருமலை என்னும் உறவினர் தன் மகனுக்காக அரியணையைக் கோரினார். வீட்டுக்குள் பூசல் எழுந்தால் வெளியார் நுழைவார்கள் அல்லவா? ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மகன் சஃப்தர் அலியும், மருமகன் சந்தா சாஹிபும் படையுடன் வந்தனர். தன்னைக் காப்பாற்றினால் ஒரு கோடி ரூபாய் தருவதாக மீனாட்சி ஒப்புக்கொண்டார் என்றும், சந்தா சாஹிப் திருக்குர்ஆனின் மீது சத்தியம் செய்து அவருக்குப் பாதுகாப்பு உறுதியளித்தார் என்றும் வரலாறு கூறுகிறது. உறையில் சுற்றி நீட்டப்பட்டது வேதமன்று, ஒரு செங்கல் என்பது ஊரில் வழங்கும் கதை. செங்கல் உண்மையோ கதையோ, 1736-இல் சந்தா சாஹிப் திரும்பி வந்து திருச்சியைத் தனதாக்கிக்கொண்டார் என்பது வரலாறு. அரசி சிறைப்பட்டு நஞ்சருந்தி மாண்டார். நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது.

அந்த ஆட்சியும் நிலைக்கவில்லை. 1741-இல் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை திருச்சியைக் கைப்பற்றி, சந்தா சாஹிபைக் கைதியாகச் சதாராவுக்குக் கொண்டுசென்றது. ஏழு ஆண்டுகள் சிறை. 1748-இல் விடுதலையாகி வந்தவர் பிரெஞ்சுக்காரருடன் கைகோத்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட, அவருடைய மகன் முஹம்மது அலி தப்பியோடி இந்தத் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார்.

1751-இல் சந்தா சாஹிபும் பிரெஞ்சுப் படையும் கோட்டையை முற்றுகையிட்டனர். முஹம்மது அலியின் பக்கம் ஆங்கிலக் கம்பெனி நின்றது. திருச்சியின் மீதிருந்த அழுத்தத்தைக் குறைப்பதற்காகத்தான் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். உலக வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் அந்த ஆற்காட்டு முற்றுகையின் வேர், நம் காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள இந்த மண்ணில்தான் இருந்தது. 1752-இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர்ந்தனர். பிரெஞ்சுத் தளபதி லா தம் படையுடன் திருவரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். சந்தா சாஹிபும் உடன் சென்றார். ஒதுங்க இடம் தரும் தீவு, வழிகள் அடைபட்டதும் பொறியாகிவிட்டது. இன்று தொலைவிலிருந்தே தெரியும் 236 அடி உயர ராஜகோபுரம் அப்போது இல்லை. அது 1987-இல் நிறைவுற்றது. ஆனால் கோயிலின் பெரிய மதில்கள் இருந்தன. 

தப்பிக்க வழி தேடிய சந்தா சாஹிப், எதிரணியில் இருந்த தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் பேரம் பேசினார். பத்திரமாக வெளியேற்றிவிடுவதாகத் தளபதி சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை நம்பி அவர் முகாமுக்குள் சென்ற சந்தா சாஹிப் உடனே சிறைபிடிக்கப்பட்டார். 1752 ஜூன் மாதத்தில் அவருடைய தலை வெட்டப்பட்டது. லாவும் படையுடன் சரணடைந்தார். வெட்டப்பட்ட தலை முஹம்மது அலிக்கு அனுப்பப்பட்டதாகவும், அது ஒட்டகத்தின் கழுத்தில் கட்டப்பட்டு நகர மதிலைச் சுற்றி எடுத்துச் செல்லப்பட்டதாகவும் அக்காலத்தில் வாழ்ந்த ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியுள்ளார்.

மண்டபத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. சத்தியத்தை முறித்தவரின் உயிர், இன்னொருவர் முறித்த சத்தியத்தால் போயிற்று என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வென்றவரின் கணக்கு

வென்றவர் மட்டும் வாக்கைக் காத்தாரா? அதையும் சொல்ல வேண்டும்.

முற்றுகையின் நெருக்கடியில் முஹம்மது அலி மைசூரின் நஞ்சராஜரிடம் உதவி கேட்டிருந்தார். கைம்மாறாகத் திருச்சியையே கொடுத்துவிடுவதாக இரகசியமாக வாக்களித்திருந்தார். மைசூர்ப் படை வந்தது, போரிட்டது. வெற்றி கிடைத்ததும் நஞ்சராஜர் வாக்கை நினைவூட்டினார். நவாப் நகரைக் கொடுக்க மறுத்தார். விளைவு, நேற்றைய நண்பர் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து இன்றைய எதிரியானார். 1753 முழுவதும் திருச்சி மீண்டும் முற்றுகையில் கிடந்தது. பின்னாளில் மைசூரை ஆளப்போகும் ஹைதர் அலி அந்தப் படையில் ஓர் அதிகாரியாக இங்கே இருந்தார்.

அந்த ஆண்டில்தான் மூன்றாவது துரோகமும் நடந்தது. கோட்டைக் களஞ்சியத்தில் தானியம் நிறைய இருக்கிறதா என்று ஆங்கிலத் தளபதி டால்டன் கேட்கும்போதெல்லாம், பொறுப்பிலிருந்த நவாபின் மைத்துனர் "போதிய அளவு இருக்கிறது" என்றே சொல்லி வந்தார். ஒருநாள் திறந்து பார்த்தபோது களஞ்சியம் ஏறக்குறையக் காலியாக இருந்தது. முற்றுகைக் காலத்துப் பஞ்ச விலைக்கு அதை அவர் நகர மக்களிடம் விற்றுவிட்டிருந்தார். சில வாரங்களுக்கான உணவே மிஞ்சியது. லாரன்ஸ் தம் படையுடன் கடற்கரைப் பகுதியிலிருந்து திருச்சிக்கு விரைந்து வர நேர்ந்தது இதனால்தான். அதன் பின்னரே பொன்மலையைச் சுற்றியும் அருகிலுள்ள மற்றக் குன்றுகளைச் சுற்றியும் 1753-இன் பெரும் போர்கள் நடந்தன.

பொன்மலை என்றால் 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்ட ரயில்வே பணிமனைதான் நம் பிள்ளைகளுக்கு நினைவு வரும். காஜாமலை என்றால் மலைமேல் இருக்கும் தர்காவும், 1951-இல் தொடங்கப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரியும் நினைவு வரும். இந்தக் குன்றுகள் ஒவ்வொன்றையும் அன்றைய படைகள் காவல் நிலைகளாகக் கொண்டன. உயரமான பாறையை வைத்திருப்பவரே சமவெளியைப் பார்க்க முடியும், சமவெளியைப் பார்ப்பவரே உணவு வண்டிகளைத் தடுக்க முடியும் என்பதே அந்தப் போரின் கணக்கு.

1754-இல் போர் ஓய்ந்தது. முஹம்மது அலி நவாபாக நிலைத்தார். 1765-இல் முகலாயப் பேரரசரிடமிருந்து 'வாலாஜா' என்ற பட்டமும் பெற்றார். சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். ஆனால் தமக்காகப் போரிட்ட கம்பெனியின் செலவுக் கணக்கு அவர் தலைமேல் ஏறிக்கொண்டே போனது. அதைத் தீர்க்கக் கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். 'ஆற்காடு நவாபின் கடன்கள்' பற்றி இலண்டன் நாடாளுமன்றத்தில் 1785-இல் எட்மண்ட் பர்க் உரையாற்றும் அளவுக்கு அது வளர்ந்தது. அவர் இறந்து ஆறே ஆண்டுகளில், 1801-இல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. எந்த நகருக்காகத் தம் வாக்கை முறித்தாரோ அந்த நகரும் உடன் போயிற்று.

ஒரே வளாகத்தில் இருவர்

ளுஹர் தொழுகைக்கு மீண்டும் நத்ஹர் வலி பள்ளிவாசலுக்கே வந்தோம். சந்தா சாஹிபின் உடல் இங்கேதான் அடக்கப்பட்டது. 1795 அக்டோபரில் சென்னையில் காலமான முஹம்மது அலி வாலாஜாவின் உடலும் பின்னர் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. உயிரோடிருந்தபோது தமிழகம் முழுவதும் போதாதிருந்த இருவரும் இப்போது சில எட்டுகள் தொலைவில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, எந்த நிலத்தையும் கேட்காத ஓர் இறைநேசர்.

கப்ருகளைச் சந்திப்பதன் நோக்கம் மரணத்தை நினைப்பதும், மறைந்தவர்களுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதும் ஆகும். இருவருக்காகவும் துஆ செய்தோம். வெளியே வந்து செருப்பணியும்போது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், இரண்டு பேருமே முஸ்லிம்கள்தானே? இதில் நம்ம ஆள் யாரு?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், இத்தனை ஆண்டுகள் நான் இந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்த முறையை அக்கேள்வி தொட்டுவிட்டது. "நவாபுகள் காலத்தில் நம் சமுதாயம் எப்படி இருந்தது தெரியுமா!" என்றுதான் தொடங்குவேன். மானியங்கள், பள்ளிவாசல்கள், அரண்மனைகள் என்று பெருமைகளைச் சொல்வேன். மீனாட்சியின் கதை வரும் இடத்தை விரைந்து கடந்துவிடுவேன். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் வெளியிலும் முஸ்லிம் மன்னர்களைப் பற்றிக் கேட்க நேரும் பழிச்சொற்களுக்கு எதிராக அவர்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையே அதற்குக் காரணம். ஆசை நல்லதுதான். ஆனால் பாதி வரலாற்றின் மேல் நிமிர்ந்து நிற்பவன், மீதிப் பாதியை வேறொருவர் வாயால் கேட்கும் நாளில் தலைகுனிவான். அவனுடைய ஆசிரியர் அதை மறைத்தார் என்பதையும் அன்று அறிந்துகொள்வான்.

அதனால் ஹுதைபிய்யாவைச் சொன்னேன். ஹிஜ்ரி 6-இல் மக்கா குறைஷியரோடு செய்யப்பட்ட உடன்படிக்கை அது. மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. பேச்சு முடிந்து கொண்டிருந்த வேளையில், விலங்கிடப்பட்ட கால்களோடு அபூஜந்தல் (ரலி) அங்கே வந்து விழுந்து அபயம் கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பொறுமையாக இருக்கும்படி ஆறுதல் கூறி, ஒப்புக்கொண்டபடியே திருப்பி அனுப்பினார்கள். தோழர்களின் நெஞ்சம் வெடித்தது. ஆனாலும் கொடுத்த வாக்கு எதிரிக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்காக மீறப்படவில்லை.

"மீனாட்சி அரசி முஸ்லிம் அல்லர், நஞ்சராஜரும் முஸ்லிம் அல்லர். ஆனாலும் அவர்களுக்குக் கொடுத்த வாக்குக்கு நபிவழி என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அந்த வாக்குகளைக் காத்திருந்தால் அவர்கள் நம் ஆட்கள்" என்று அந்த மாணவனே முடித்தான்.

ஒரு தந்தையின் வருத்தம்

மறுவாரம் ஒரு மாணவனின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். மரியாதைக்குரிய மனிதர். "நம்ம நவாபுகளைப் பற்றி நாமே இப்படிச் சொல்லிக் கொடுக்கணுமா, ஹஜ்ரத்? சொல்றதுக்கு மத்தவங்க இல்லையா?" என்றார். அவருடைய வருத்தத்தை நான் எளிதாக ஒதுக்கவில்லை. காலம் அப்படி இருக்கிறது.

அவருக்கு நான் இப்னு பதூதாவை நினைவூட்டினேன். பதினான்காம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிய அந்தப் பயணி மதுரைக்கும் வந்தார். அப்போது மதுரை சுல்தானாக இருந்த கியாஸுத்தீன் தாமகானி அவருக்கு உறவினர். இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். அந்தச் சுல்தானின் விருந்தாளியாகவே இப்னு பதூதா தங்கினார். ஆனாலும் போர்க்கைதிகளிடமும் அவர்களுடைய பெண்களிடமும் குழந்தைகளிடமும் சுல்தான் காட்டிய கொடுமையைத் தம் நூலில் மறைக்காமல் எழுதிக் கண்டித்தார். உறவும் தடுக்கவில்லை, உண்ட சோறும் தடுக்கவில்லை. உறவினருக்கு எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்று ஓதி வளர்ந்தவர் அவர். இன்று அந்தக் கொடுமைகளைப் பற்றி நம்மிடம் யாரேனும் கேட்டால், "ஆம், எங்கள் பயணி ஒருவரே அதை எழுதி வைத்திருக்கிறார்" என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அவர் முழுவதும் உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஆனால் அடுத்த நடைக்குத் தம் இளைய மகனையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

மீண்டும் மார்க்கெட்டில்

அன்று அஸருக்குப் பின் நடையை மார்க்கெட்டிலேயே முடித்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. களஞ்சியத்து நெல்லை விற்ற மைத்துனரின் கதையைப் பிள்ளைகள் சந்தையில் நின்று ஒரு தடவை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். மக்கள் பசித்திருக்கையில் விலையேறட்டும் என்று உணவைப் பதுக்குவதை மார்க்க நூல்கள் 'இஹ்திகார்' என்ற பெயரால் கண்டிக்கின்றன. பொதுச் சொத்தை ஒப்படைக்கப்பட்டவர் அதைத் தனதாக்குவது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி. அவர் இரண்டையும் ஒரே வேளையில் செய்தார்.

எனக்குப் பழக்கமான ஒரு வெங்காய மண்டிக்காரரிடம் அழைத்துச் சென்றேன். வெளியூர் விவசாயி லாரியில் சரக்கை ஏற்றிவிட்டு வீட்டில் இருப்பாராம். இவர் விற்று, கமிஷன் கழித்து, பணம் அனுப்புவாராம். விற்ற விலை இன்னதென்று அந்த விவசாயி கண்ணால் பார்ப்பதில்லை. "எங்க அத்தா காலத்துல இருந்து வர்ற ஆளுங்க. ஒரு தடவை விலையை மாத்திச் சொல்லிட்டா, அடுத்த லாரி வராது தம்பி" என்றார் அவர். பிள்ளைகள் அதுவரை கேட்ட வரலாற்றுக்கெல்லாம் இதைவிடச் சிறந்த உரை என்னிடம் இல்லை.

2020-இல் கொரோனா பரவியபோது இந்த மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. 1753-இல் இரு படைகள் உணவு வண்டிகளுக்காகப் போரிட்ட அந்தப் பொன்மலைப் பகுதியில், தொற்றுக் காலத்து நகரத்துக்கு உணவு இறங்கியது. பீரங்கி நின்ற நிலத்தில் தக்காளிக் கூடைகள் நின்றன. எந்த மன்னருடைய வெற்றியையும்விட இந்தக் காட்சி நமக்குப் பெருமை தரத்தக்கது என்றே எண்ணுகிறேன்.

இந்த விடுமுறையில் குடும்பத்தோடு வர விரும்புவோருக்கு ஒரு சிறு வழிகாட்டல். ஃபஜ்ருக்குப் பின் மார்க்கெட்டில் தொடங்குங்கள். மணிக்கூண்டின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் தெப்பக்குளம், மெயின்கார்டு கேட், கோட்டை நிலையத்தருகே கல் பள்ளிவாசல் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். அருங்காட்சியகம் திறந்ததும் தர்பார் மண்டபம். ளுஹருக்கு நத்தர்ஷா பள்ளிவாசல். மாலையில் காவிரிப் பாலத்தில் நின்றால் ஒருபுறம் குன்றும் மறுபுறம் திருவரங்கமும் தெரியும். பிள்ளைகளின் கையில் தண்ணீரும், ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.

குறிப்பேட்டில் அரசர்களின் ஆண்டுகளை எழுதுவதோடு நிறுத்திவிடாமல், அன்றைய நாளில் தாங்கள் யாருக்கேனும் கொடுத்து இன்னும் நிறைவேற்றாத வாக்கு ஒன்றையும் எழுதச் சொல்லுங்கள். என் மாணவர்களுடன் நானும் எழுதினேன். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பல மாதங்களாகத் திருப்பித் தராத ஒரு நூல் அது. அன்றிரவே இஷாவுக்குப் பின் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாக்கைக் காப்பவர்களாகவும், ஒப்படைக்கப்பட்டதைத் திருப்பித் தருபவர்களாகவும் அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.